பராமரிப்பவரின் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது?

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் எழுந்து நடக்க முடியாமல் இருக்கும் ஒருவரைப் பற்றி அரசாங்கத்துக்கு நிறையவே தெரியும். கிராம அலுவலரிடம் குடும்ப விபரம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் இருக்கிறது. ஆதார வைத்தியசாலையில் கிளினிக் கொப்பி இருக்கிறது. அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்கான கணக்கெடுப்பில் அந்த வீட்டின் கூரையும் மலசலகூடமும் மோட்டார் சைக்கிளும்கூடப் பதிவாகியிருக்கின்றன. அந்த மனிதரை விடியப்புறம் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி, கதீற்றர் பையை வெறுமையாக்கி, இரவில் முனகல் கேட்டால் எழும்பிப் பார்க்கிற ஆள் யார் என்பது மட்டும் இவற்றில் ஒன்றிலும் இல்லை. அவர் மனைவியாக இருப்பார். வயதான தாயாக இருப்பார். கலியாணம் தள்ளிப்போன தங்கையாக இருப்பார். பள்ளிக்கூடம் இடையில் நின்றுபோன மகளாகவும் இருப்பார்.

வீட்டில் நடக்கும் பராமரிப்புக்கு அரசு என்ன செய்கிறது, மற்ற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள், வன்னியில் என்ன செய்யக்கூடும் என்பதை இங்கே பார்க்கப்போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியின் பெயருக்குப் போகும் கொடுப்பனவை எவ்வளவு கூட்டினாலும் போதாது. பராமரிப்பவரை அரசு தனியாக அடையாளம் கண்டு, தனியாகத் தாங்கவேண்டும். அதைச் செய்ய மிகப் பொருத்தமான அமைப்பு கொழும்பில் இல்லை, மாகாணத்தில்தான் இருக்கிறது.

இந்த ஊரில் ஏன் இந்தக் கேள்வி இவ்வளவு கனமானது என்பதற்கு 2009இன் இறுதிப்போருக்குப் போகவேண்டும். ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரையான ஒரு கிழமையில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது குறைந்தது ஒன்பது நேரடி எறிகணைகள் விழுந்ததாக ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு தன் 2011 அறிக்கையில் எழுதியிருக்கிறது. அதன் பின் காயக்காரர்கள் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் பலர் ஒரு காலோ கையோ கண்ணோ இல்லாமல், சிலர் முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குப் போனார்கள். புதுக்குடியிருப்புப் பிரதேசம் கடைசியாக மீள்குடியேறிய இடங்களில் ஒன்று. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக் கூரையைவிட முந்தி வேண்டியிருந்தது கட்டில். அப்போது இருபது வயதில் கட்டிலில் கிடந்தவருக்கு இன்று முப்பதுகளின் பின்பாதி. அவரைத் தூக்கிப் புரட்டிய தாய்க்கு அறுபதும் எழுபதும் ஆகிவிட்டது. அந்தத் தாயின் முதுகு இனிமேல் எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் வன்னியில் பராமரிப்புக் கொள்கை பற்றிப் பேசும் எவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

போர்க்காயம் மட்டும் கதை இல்லை. பக்கவாதம், நீரிழிவில் கால் இழந்தோர், மறதிநோய், சிறுநீரக நோய், பிறவியிலேயே மூளைவாதம் உள்ள பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதைத் தாண்டியோர் 12.4 வீதம். இளையவர்கள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் கொழும்புக்கும் போய்விட்ட ஊர்களில் முதுமை இன்னும் தனிமையானது.

வீட்டில் நடக்கும் வேலை என்ன என்பதைச் சற்று விபரமாகச் சொல்லவேண்டும். சொல்லாததால்தான் அது வேலையாகத் தெரிவதில்லை. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டவேண்டும். தவறினால் இடுப்பிலும் குதியிலும் படுக்கைப்புண் வரும். உணர்வில்லாத உடம்பில் வலி தெரியாது. மணம் வரும்போதுதான் புண் எலும்புவரை போனது தெரியும். சிறுநீர் தானாகப் போகாதவருக்கு நாளுக்குப் பலதடவை குழாய் வைத்து எடுக்கவேண்டும், அல்லது நிரந்தரக் குழாயைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். சுத்தம் பிசகினால் காய்ச்சல், கிருமித்தொற்று, கடைசியில் சிறுநீரகம். மலம் இறங்க நேர ஒழுங்கு வேண்டும். கைகால் மடங்கி இறுகிப்போகாமல் தினமும் அசைத்துவிடவேண்டும். இவை தாதியரும் இயன்மருத்துவரும் படித்துச் செய்யும் வேலைகள். வன்னியில் இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் வைத்தியசாலைக் கட்டிலருகே நின்று பார்த்துப் பழகியவர்கள். செய்து பிழைவிட்டால், அதன் விலையை அந்தக் கட்டிலில் கிடப்பவர் கொடுக்கிறார்.

இதற்கு அரசு தருவது என்ன? நாடு முழுவதற்குமான கணக்கு இது. இயலாமையுடையோருக்கான மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவாக இருந்து, 2024இல் 7,500 ஆகி, 2025இல் 10,000 ஆனது. சிறுநீரக நோயாளருக்கும் அதே அளவு. எழுபது வயதைக் கடந்த வறிய முதியோருக்கு 2,000 ஆக இருந்தது 3,000 ஆகி, பின் 5,000 ஆனது. இவற்றோடு 2023 ஜூலையில் சமுர்த்தி மானியத்துக்குப் பதிலாக வந்த அஸ்வெசும இருக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளால் ஒரு குடும்பத்தை அளந்து, நான்கு தரங்களில் ஒன்றில் வைத்துப் பணம் கொடுக்கும் திட்டம். ஊரில் நடக்கும் மேன்முறையீட்டு வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவுகோலின் குறைகள் தெரியும்.

கூட்டப்பட்ட தொகை நல்லதுதான். அதற்காக ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களின் உழைப்பு அது. ஆனாலும் 10,000 ரூபா என்பது நாளுக்கு 333 ரூபா. நாளுக்கு மூன்று பம்பேர்ஸ் மாற்றவேண்டிய வீட்டில் அது அதற்கே காணாது. 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபா சரிந்தபோது குழாய், கையுறை, மருந்துத்துணி, காற்று மெத்தை எல்லாமே இறக்குமதிப் பொருள் என்பது பட்டுத் தெரிந்தது. இன்னொரு கணக்கும் உண்டு. 2025 ஏப்ரலில் தனியார்துறைத் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா ஆனது. பராமரிக்கும் பெண் வேலைக்குப் போகாமல் வீட்டில் நிற்பதால் அந்தக் குடும்பம் மாதந்தோறும் இழப்பது குறைந்தபட்சம் அந்த அளவு. கொடுப்பனவை அமைத்த எவரும் இந்த இழப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. நோயாளியின் குறைபாடு அளக்கப்படுகிறது, குடும்பத்தின் வறுமை அளக்கப்படுகிறது, பராமரிப்பவரின் நேரம் அளக்கப்படுவதேயில்லை. உலக அளவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் அதை அளந்து பார்த்தது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்கு மனிதர்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 1,640 கோடி மணித்தியாலம். அதில் பெண்கள் செய்வது 76.2 வீதம்.

சட்டங்களைப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பேசுகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. கைவிடப்பட்டவர் முறையிடப் பராமரிப்புச் சபை ஒன்றையும் வைத்திருக்கிறது. கடமையைச் செய்யாத பிள்ளையை அழைத்து விசாரிக்க வழி இருக்கிறது. கடமையைச் செய்து செய்து களைத்துப்போன பிள்ளைக்கு உதவ அப்படியொரு வழி தெரியவில்லை. மறுபக்கம், இயலாமையுடையோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 28ஆம் உறுப்புரையில் வறிய நிலையிலுள்ள இயலாமையுடையோருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் பயிற்சி, உளவளத்துணை, நிதியுதவி, பராமரிப்பவருக்கு ஓய்வு தரும் மாற்றுப் பராமரிப்பு ஆகியவற்றை அரசு வழங்கவேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. கையெழுத்து வைத்தாயிற்று. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு தாய் ஒரு கிழமை ஓய்வெடுக்கவேண்டுமென்றால் எங்கே போய்க் கேட்பது என்பதற்கு விடை இல்லை.

இலங்கை அரசுக்கு வீடு தேடிப் போகத் தெரியாது என்று சொல்லமுடியாது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, கர்ப்பிணியையும் பச்சைக் குழந்தையையும் வீட்டு வாசலில் போய்ப் பார்க்கும் வழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்து, பிள்ளையின் நிறையைப் பார்த்து, தாயைத் திட்டி, சிரித்து, கொப்பியில் எழுதிவிட்டுப் போவது கைவேலியிலும் வள்ளிபுனத்திலும் சுதந்திரபுரத்திலும் எல்லோருக்கும் பழகிய காட்சி. தாய்சேய் மரண வீதத்தில் இலங்கை வளர்ந்த நாடுகளோடு பேசப்படுவதற்கு இந்த வீட்டுத் தரிசிப்பும் ஒரு பெரிய காரணம். பிறப்பின்போது வீட்டுக்கு வரும் அரசு, முடியாமல் படுத்தபோது வருவதில்லை. நோயாளியைத்தான் கொண்டுவரச் சொல்கிறது: ஓட்டோ பிடித்து, இரண்டுபேர் தூக்கி, கிளினிக் நாளில். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது. அவசரத்தில் அது உயிர் காக்கிறது. படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்ட அதைக் கூப்பிட முடியாது. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2019 முதல் 2023 வரைக்குமான தேசியச் சட்டகம் ஒன்றைச் சுகாதார அமைச்சு எழுதியது. அதில் வீட்டுப் பராமரிப்பும் உண்டு. அது காகிதத்திலிருந்து கிராமத்துக்கு வரும் வழிதான் இன்னும் நீளம்.

மற்ற நாடுகளில் பல வகையான பாதைகள் தெரிகின்றன. பிரித்தானியா 1976இல் பராமரிப்பவரின் கையில் நேரடியாகக் காசு கொடுக்கத் தொடங்கியது. வாரத்துக்கு 35 மணித்தியாலம் பார்ப்பவருக்கு உரித்து. திருமணமான பெண் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்று முதலில் அவளை விலக்கி வைத்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றம்வரை ஒரு பெண் போன பிறகு 1986இல்தான் அந்தக் கதவு திறந்தது. இன்றும் அங்கே ஒரு குறை உண்டு: வருமான எல்லையைச் சில பவுண் தாண்டினால் முழுத் தொகையும் போய்விடும். தெரியாமல் தாண்டியவர்களிடம் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டது 2024இல் பெரும் சர்ச்சையானது. எல்லைக்கோட்டில் ஒரேயடியாக வெட்டிவிழுத்தும் திட்டம் எவ்வளவு கொடுமையானது என்பதற்கு அஸ்வெசுமவை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

யப்பான் இதற்கு நேரெதிர். 2000ஆம் ஆண்டு நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைக் கொண்டுவந்தபோது, குடும்பத்துக்குக் காசு கொடுத்தால் மருமகளை மாமியாரின் கட்டிலோடு கட்டிவைக்கும் ஏற்பாடாகிவிடும் என்று பெண்கள் அமைப்புகள் வாதாடின. அதனால் காசுக்குப் பதில் சேவையையே கொடுத்தார்கள்: வீட்டுக்கு வரும் பணியாளர், பகல்நேர நிலையம். யேர்மனி 1995இலேயே காசா சேவையா என்பதைக் குடும்பமே தெரிவுசெய்யட்டும் என்று விட்டது. அதோடு பராமரிப்பவரின் ஓய்வூதியத்துக்கும் காப்புறுதி பணம் கட்டுகிறது. அவர் விடுமுறை எடுத்தால் மாற்றாள் வரவும் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் வறியோருக்கான மருத்துவ உதவித் திட்டத்தின் பணம் மத்தியும் மாநிலமும் பங்குபோட்டுக் கொடுப்பது. 1981க்குப் பிறகுதான் பராமரிப்பு விடுதிகளுக்குப் போய்க்கொண்டிருந்த காசின் ஒரு பகுதி வீட்டுப் பராமரிப்புக்குத் திரும்பியது. கொவிட் காலத்தில் 2021 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு அந்தச் சேவைகளுக்கான மத்திய பங்கை 10 சதவீதப் புள்ளியால் கூட்டி, மாநிலங்கள் பராமரிப்புப் பணியாளரின் சம்பளத்தை உயர்த்த வழிசெய்தார்கள்.

எங்களுக்கு இவற்றைவிடக் கிட்டிய பாடம் கேரளாவில் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம், மலப்புறத்துக் கிராமங்களில் அயலவர் வலையமைப்பாக விரிந்தது. ஊர்க்காரர் காசு சேர்த்தார்கள், தொண்டர்கள் பயிற்சி எடுத்தார்கள், தாதி வீடு வீடாகப் போனார். 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாக்கியது. இன்று பஞ்சாயத்துகள் தங்கள் நிதியிலிருந்து தாதியை அமர்த்தி வீட்டுக்கு அனுப்புகின்றன. கவனிக்கவேண்டியது வரிசையை: முதலில் ஊர் செய்தது, பிறகு அரசு தாங்கியது, தாங்கும்போது ஊரைத் தள்ளிவிடவில்லை. கேரளம் இன்னொன்றும் செய்தது. படுக்கையில் இருப்போரை முழுநேரம் பார்ப்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 இந்திய ரூபா. தொகை சிறிது, மாதக்கணக்கில் நிலுவை விழுந்ததும் உண்டு. இருந்தும் பராமரிப்பவர் என்ற ஆளை ஒரு மாநில அரசு தன் பதிவேட்டில் ஏற்றியது தெற்காசியாவில் சின்ன விடயமில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளோடு இயன்மருத்துவத்தையும் வலிதணிப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் அதன் கால்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை மட்டும் என்பது அந்தத் திட்டத்தின் பலவீனம். பராமரிப்பைப் பெண்களின் இரக்கத்தில் ஓட்டும் பழக்கம் அரசுத் திட்டத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

இனி வன்னிக்கு. இங்கே ஊர் செய்த பங்கு ஏற்கெனவே இருக்கிறது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து மாங்குளத்தில் நடத்தும் உயிரிழை அமைப்பை இந்தத் துறையில் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கட்டிலில் கிடப்பவரின் தேவையை அதே நிலையில் உள்ளவரைவிட யாரும் நன்றாக அறியமாட்டார். வள்ளிபுனத்தில் பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்காக இனியவாழ்வு இல்லம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து தருகிறது. கிராமம்தோறும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் முதியோர் சங்கமும் உண்டு. இவற்றில் பல புலம்பெயர்ந்த உறவுகளின் காசில் மூச்சுவிடுகின்றன. அந்த அன்புக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் ரொறன்ரோவில் ஒருவருக்கு வேலை போனால் தேராவிலில் ஒருவருக்கு மருந்துத்துணி நின்றுபோகும் ஏற்பாட்டை யாரும் சமூகப் பாதுகாப்பு என்று அழைக்கக்கூடாது. படம் எடுத்து அனுப்பினால்தான் உதவி வரும் என்ற நிலையில் கட்டிலில் கிடப்பவரின் மானமும் போகிறது.

மாகாண அரசின் பங்கு என்ன? அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் சுகாதாரத்திலும் சமூக சேவையிலும் பெரும் பகுதியை மாகாணங்களுக்குக் கொடுத்தது. வைத்தியசாலைகளில் பெரும்பாலானவையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாண சமூக சேவைத் திணைக்களமும் வட மாகாணத்தின் கீழ்தான். ஒரே கூரையின் கீழ் சுகாதாரமும் சமூக சேவையும் இருப்பது வீட்டுப் பராமரிப்புக்குப் பெரிய வாய்ப்பு. பல நாடுகளில் இந்த இரண்டு துறையும் ஒன்றோடொன்று பேசாததால்தான் நோயாளி இடையில் விழுகிறார். ஆனால் 2013 செப்டெம்பரில் தெரிவான முதலாவது வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் திருத்திய தேர்தல் சட்டத்தின் எல்லை நிர்ணயச் சிக்கலில் தேர்தல் மாட்டிக்கொள்ள, மாகாணம் ஆளுநரின் கையில் போனது. மாகாணத்தின் சொந்த வருமானம் மிகக் குறைவு; ஒதுக்கீடு கொழும்பிலிருந்து வருகிறது. சபையே இல்லாத மாகாணத்தில் படுக்கைப்புண் பற்றிக் கேள்வி கேட்க ஒரு உறுப்பினர்கூட இல்லை. மாகாண சபைத் தேர்தலை அரசியல் தீர்வு பற்றிய பேச்சாகவே நாங்கள் பேசிப் பழகிவிட்டோம். அது தாதி வீட்டுக்கு வருவாரா இல்லையா என்ற பேச்சும்தான்.

எதிர்வாதங்களில் மூன்றைக் கவனமாக எடுக்கவேண்டும். பெற்றவரையும் உடன்பிறந்தவரையும் பார்க்கக் காசா என்று கேட்பவர்கள் உண்டு. காசு கொடுத்ததால் பாசம் குறைந்ததாக எங்கும் காணோம். காசில்லாமல் பாசம் கசந்துபோன வீடுகள் தாராளம். பொய்ப் பெயர் கொடுத்து எடுப்பார்கள் என்ற பயம் உண்மையானது. அதற்கு மருந்து, மாதத்துக்கு ஒருதரம் வீட்டுக்குப் போகும் தாதிதான். அவர் போனால் உதவியும் நடக்கும், கண்காணிப்பும் நடக்கும். யப்பானியப் பெண்கள் சொன்ன மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்கவைப்பது. சிறு தொகை ஒன்றைக் கொடுத்து, இது உன் வேலை என்று ஒரு பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவிடலாம். ஆகவே காசு தனியே வரக்கூடாது. மாற்றாள் சேர்ந்து வரவேண்டும். அந்தப் பெண் தையலுக்கோ தோட்டத்துக்கோ சந்தைக்கோ போய்வரக்கூடிய மணித்தியாலங்களை அரசு கொடுக்கவேண்டும்.

அந்த மாற்றாள் எங்கிருந்து வருவார்? இங்கேதான் ஒரு வேதனையான முரண். இலங்கையில் பராமரிப்பாளர் பயிற்சிக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. அதைப் படித்தவர்களை இஸ்ரேலுக்கும் யப்பானுக்கும் அனுப்ப அரசே உடன்படிக்கை செய்கிறது. அந்நியச் செலாவணி வேண்டும். போகிறவர்களின் குடும்பத்துக்கும் அது நன்மை. ஆனால் அதே பயிற்சி பெற்ற ஒரு பெண் இரணைப்பாலையிலோ உடையார்கட்டிலோ அரசுச் சம்பளத்தோடு வேலைசெய்ய ஒரு பதவி கிடையாது. தேசிய முதியோர் செயலகம் வீட்டுப் பராமரிப்பு உதவியாளர்களைப் பயிற்றுவித்திருக்கிறது. அவர்களை அமர்த்துவதும் காசு கொடுப்பதும் குடும்பத்தின் பாடு. வசதியுள்ள வீட்டுக்கு அது சரி. மீன்பிடியிலும் கூலியிலும் ஓடும் வீட்டுக்கு அது எட்டாது.

புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் தொடங்குவதென்றால் பெரிய ஆணைக்குழு தேவையில்லை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் சேர்ந்து, கொடுப்பனவுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பார்ப்பவர் யார், வயது என்ன, அவருக்கு என்ன வருத்தம், நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதலாம். அது வந்தபிறகு முதுகு முறியும் நிலையில் உள்ள வீடுகள் தாமாகத் தெரியும். அந்த வீடுகளுக்கு முதலில் ஆதார வைத்தியசாலையிலிருந்து மாதம் ஒருதடவை தாதியும் இயன்மருத்துவரும் போகட்டும். குழாயும் கையுறையும் மருந்துத்துணியும் அவர்களின் பையிலேயே இலவசமாகப் போகட்டும். பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்களை, ஊழியர் சேமலாப நிதியோடு சேர்ந்த முறையான சம்பளத்தில், கிராம அலுவலர் பிரிவுக்கு ஒருவராக அமர்த்தலாம். பயிற்சியை உயிரிழை போன்றவர்களிடம் ஒப்படைத்து, அதற்கு மாகாணம் கட்டணம் செலுத்தலாம். பராமரிப்பவரின் பெயரில், அவருடைய வங்கிக் கணக்குக்கே, ஒரு தொகை தனியாகப் போகவேண்டும். அஸ்வெசும புள்ளியில் அதை வருமானமாகக் கணக்கிடக்கூடாது.

பராமரிப்பவரின் ஓய்வுக்கு வழிசெய்ய இடமும் இருக்கிறது. நெதர்லாந்தின் நிதியுதவியோடு வட மாகாணத்தில் கட்டிய மருத்துவ வசதிகளில் ஒன்றாக மாங்குளம் வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவு உருவாகியிருக்கிறது. அங்கே சில கட்டில்களை இதற்கென ஒதுக்கினால், வருடத்தில் இரண்டு கிழமை நோயாளி அங்கே தங்கிப் புண்ணையும் குழாயையும் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டில் நிற்பவர் தன் கண் சத்திரசிகிச்சையையோ மகளின் கலியாணத்தையோ பார்த்துக்கொள்ளலாம். புதுக்குடியிருப்பிலிருந்து மாங்குளம் ஒட்டுசுட்டான் வழியாக 40 கிலோமீற்றருக்கு மேல். சக்கர நாற்காலி ஏறும் வாகனம் ஒன்றை மாகாணச் சுகாதாரத் திணைக்களம் முன்பதிவு முறையில் அந்தப் பாதையில் ஓடவிட்டால், கட்டில் ஒதுக்கிய நாளிலிருந்தே இது நடக்கத் தொடங்கும்.